ஆறாம் மேஜை குண்டு பல்பு

மண்ணரை, திருப்பூர்
6.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சாரதாமணி எழுதிக்கொண்டது. இங்கே யாருக்கும் படுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை, நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஏறி ஏறி இறங்குகிறது. அவர் வாயைக் கட்டினால் அதுவும் சரியாகும். லூதியானாவில் குளிர் வந்துவிட்டதா? நங்கைக்கு முட்டிவலி தேவலாமா?

போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். போன வாரம் போனில் "ரித்தீஷ் சொல்றது சரிதானே அம்மணி" என்றீர்கள், நான் பட்டென்று வைத்துவிட்டேன். மறுபடி பேசினாலும் அப்படித்தான் வைப்பேன். அதுவும் போக, துணியைப் போட்டோ எடுத்து அனுப்பினால் கலர் மாறிவிடும் என்று சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர் ஆன நாளிலிருந்து சொல்கிறவர் நீங்கள்தானே. அதனால் கூரியரில் துண்டு வருகிறது, அதோடு இந்தக் கடிதமும் வருகிறது.

முதலாளி மகன் ரித்தீஷ் படிப்பு முடிந்து வந்ததும் வராததுமாகக் கம்பெனியில் ஒரு குண்டு பல்பு இருக்கக் கூடாது என்கிறான். நம்மிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஏதோ ஃபாரம் அனுப்பியிருக்கிறானாம், எல்லாம் எல்இடி ஆக வேண்டுமாம். டியூப்லைட்டையெல்லாம் கழற்றிக்கொள்ளட்டும், நான் குறுக்கே நின்றேனா? என் ஆறாம் மேஜைக்கு மேலே தொங்குகிற ஒரே ஒரு நூறு வாட் பல்பு அவனை என்ன செய்தது? சட்டைக்கும் பட்டிக்கும் கலர் ஒத்துப்போகிறதா என்று இருபத்திரண்டு வருடமாக ஷேட் பார்க்கிறேன். இருந்த ஒரு ஜன்னலையும் அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்துவிட்டார்கள், அதற்கும் பேசாமல்தான் இருந்தேன். இந்த எல்இடி வெள்ளையில் கண் கூசுகிறது, விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக வருகிறது.

"அக்கா, உங்க ஒரு பல்பு எரியற கரண்டுல பத்து எல்இடி எரியுமுங்க" என்கிறான். "எரியட்டுமுங்க தம்பி, பத்தையும் உங்க ரூம்லயே போட்டுக்குங்க" என்றேன். செக்கிங் மொத்தமும் சிரித்தது.

இத்துடன் மெரூன் துண்டு இரண்டு வைத்திருக்கிறேன், சட்டைத் துணி ஒன்று, கழுத்துப் பட்டி ஒன்று. வழக்கம்போல பாஸ் செய்து, நான் பார்த்தது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு நூலில் இரண்டு தையல் போட்டிருக்கிறேன். நீங்கள் இங்கே இருந்தபோது எனக்கென்று கொடுத்த நூல் அது. இன்றுவரை செக்கிங்கில் வேறு ஒருத்தியும் சிவப்பைத் தொட்டதில்லை. புதிதாக ஏழாம் மேஜைக்கு வந்திருக்கிற தேவிப்பிரியாவுக்குப் பச்சை நூல். குண்டு பல்பில் நான் சேர்த்த ஜோடி எப்படி என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சாரதாமணி


லூதியானா
19.11.2023

அன்புள்ள சாரதா அம்மணிக்கு,

அண்ணன் அர்த்தநாரியின் ஆசிகள். நாங்கள் இரண்டு ஸ்வெட்டருக்குள் பத்திரமாக இருக்கிறோம். என் வீட்டுக்காரி, உன் நங்கை, முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள், அதனால் நலம் என்றே எடுத்துக்கொள். மாப்பிள்ளையை நடக்கச் சொல்.

துண்டைப் பார்த்தேன். மோசமில்லை. பட்டியில் சிவப்பு ஒரு இம்மி தூக்கல். முன்பெல்லாம் நீ இதை விட மாட்டாய்.

பல்பு விஷயத்தில் நீ போனை மட்டுமல்ல, எதை வைத்தாலும் நான் ரித்தீஷ் பக்கம்தான். குண்டு பல்பு என்பது கொஞ்சம் வெளிச்சமும் தருகிற அடுப்பு. தின்கிற கரண்டில் முக்கால்வாசிக்கும் மேலே சூடாகப் போகிறது. சித்திரை மாதத்தில் அதன் அடியில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுகிறவளும் நீதான். இன்னொன்று, டையிங்காரன் சொல்கிறேன், கேள். மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு நிமிர்ந்து நிற்கும், நீலம் செத்துப் போகும். நேவியும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஷேட் பார்க்கிற மேஜைக்கு அது ஆகாது.

இதையெல்லாம் எழுதும்போது உன் நங்கை பின்னால் நின்று படித்துவிட்டு, "அதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிடுகிறேன். இங்கே குளிரில் இட்லி மாவு மூன்று நாளானாலும் பொங்காது. அதனால் அட்டைப்பெட்டிக்குள் மாவுச் சட்டியை வைத்து, பக்கத்தில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை எரிய விடுகிறோம். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

அது சரி, ஏன் எழுத்தை இவ்வளவு பெரிது பெரிதாக எழுதுகிறாய்? ஒரு பக்க விஷயம் மூன்று பக்கம் வந்திருக்கிறது.

அன்புடன்,
அர்த்தநாரி


மண்ணரை
2.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சாரதாமணி. எல்லோரும் சுகம். நங்கைக்கு என் தனி வணக்கம். அவர்கள் மட்டும் இல்லையென்றால் இந்த உண்மை எனக்குத் தெரிந்தே இருக்காது.

அட, உங்கள் வீட்டு மாவுக்குக் குண்டு பல்பு வேண்டும், எனக்கு மட்டும் ஆகாதா? உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். எனக்கு வேண்டியதை பையர், ரித்தீஷ், நீங்கள் என்று மூன்று ஆம்பிளைகள் முடிவு செய்கிறீர்கள். நல்ல நியாயம் அண்ணா. கலர் ஒத்துப்பார்க்கப் பையர் கொடுத்த லைட் பாக்ஸிலேயே வீட்டு வெளிச்சம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் உள்ளே எரிவது இதே மஞ்சள் பல்பு. இதை ரித்தீஷ் முகத்துக்கு நேரே கேட்டேன். பயல் தலையைச் சொறிந்தான்.

எந்த வெளிச்சத்தில் வேலை செய்வது என்று வேலை செய்கிறவள்தான் சொல்ல வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, செக்கிங்கில் பதினாலு பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் ரித்தீஷ் ஒரு வழிக்கு வந்தான். "பொங்கல் வரைக்கும் பாப்பமுங்க அக்கா. ஆறாம் மேஜைல உங்க பல்பு, ஏழாம் மேஜைல எல்இடி. எந்த மேஜைல கம்ப்ளைன்ட் கம்மியோ, அந்த லைட்டு" என்றான். நான் சரி என்றேன். ஏழில் தேவிப்பிரியா இருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயது, வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வாய் திறக்க மாட்டாள், வேலை சுத்தம். இருந்தாலும் அவள் எங்கே, நான் எங்கே?

பொங்கல் கழிந்து பையர் ஆள் வந்து ஷேட் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஏதோ கலர் டெஸ்ட் வைப்பானாம். வைக்கட்டும்.

பேனா முனை தடித்துவிட்டது, அதனால்தான் எழுத்து பெரிதாக வருகிறது.

சாரதாமணி


லூதியானா
14.12.2023

அன்புள்ள அம்மணிக்கு,

நாங்கள் சௌக்கியம். இங்கே மூடுபனி கொட்டுகிறது, எதிரே வருகிற ஆள் முகம் தெரிவதில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

போட்டி நல்லதுதான். ஆனால் அதில் ஒரு பக்கம் இருபத்திரண்டு வருடம், இன்னொரு பக்கம் ஆறு மாதம். நீ ஜெயித்தாலும் பல்பு ஜெயித்ததாக ஆகாது. போகட்டும்.

விளக்கைச் சுற்றி வட்டம் வருகிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அது மனதில் உறுத்துகிறது. கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வந்து எழுது.

அர்த்தநாரி


மண்ணரை
10.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீங்கள் வரப்போவதில்லை என்று உங்கள் மாப்பிள்ளைக்கு வருத்தம். நங்கைக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் ஜெயித்துவிட்டேன்! சின்னப் பசங்களுக்குப் போகிற நேவி டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. ஆறாம் மேஜையும் ஏழாம் மேஜையும் பாதிப் பாதி பார்த்தோம். சனிக்கிழமை பையரின் இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியைப் பிரித்தால், சட்டை நேவி, கழுத்துப் பட்டி கறுப்பு. ஒன்று இரண்டு இல்லை, இரண்டு பெட்டி முழுக்க. அவன் அங்கேயே உட்கார்ந்து எல்லாப் பெட்டியையும் பிரிக்கச் சொல்லிவிட்டான். ஷிப்மென்ட் நின்றுவிட்டது. இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம், கை கால் ஓடவில்லை.

"இது யார் மேஜைங்க?" என்று ரித்தீஷ் கேட்டான். யார் பார்த்தது என்று நூலைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், பாஸ் செய்த துண்டுகள் பெட்டி மாற்றியதில் எங்கேயோ போய்விட்டன. ஏழாம் மேஜைதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்இடியில் பார்த்தவள் அவள்தானே. நான் வாயைத் திறக்கவில்லை. தேவிப்பிரியா மட்டும், "நா பாத்ததுல அப்படி எதுவும் இல்ல சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். யார் காதில் விழுகிறது?

அதே ஆர்டரில் நான் பாஸ் செய்து என் டிராயரில் தங்கிவிட்ட ஜோடி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன், சிவப்பு நூல் தையலோடு. குண்டு பல்பில் பார்த்தேன். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெயிலிலும் பார்த்தேன். சட்டையும் பட்டியும் ஒரே நேவிதான். இல்லையா? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

சாரதாமணி


மண்ணரை
5.2.2024

அண்ணனுக்கு,

நலமா? கூரியர்காரன் துண்டு உங்கள் கையில் கொடுத்ததாகக் கம்ப்யூட்டரில் காட்டுகிறானே? மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனில் நங்கைதான் எடுக்கிறார்கள். நீங்கள் குளிக்கிறீர்கள், தூங்குகிறீர்கள், மில்லுக்குப் போயிருக்கிறீர்கள். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பார்?

தேவிப்பிரியாவை மேஜையிலிருந்து எடுத்துப் பிசிறு வெட்டப் போட்டுவிட்டார்கள். சம்பளமும் குறைவு, தரையில் உட்கார வேண்டும். சரியாக என் மேஜைக்கு எதிரே, ஜன்னலை மறைத்த அட்டைப்பெட்டிகளின் அடியில் உட்கார்ந்திருக்கிறாள். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அவ்வப்போது தலையைத் தூக்குகிறாள். என்னைப் பார்க்கிறாளா, பல்பைப் பார்க்கிறாளா தெரியவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கலர் டெஸ்ட்டை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டார்களாம்.

துண்டைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும்.

சாரதாமணி


லூதியானா
19.2.2024

அன்புள்ள அம்மணிக்கு,

நாங்கள் நலம். மில்லில் வேலை அதிகம், அதனால் தாமதம். நங்கையின் முட்டி பரவாயில்லை.

இத்துடன் ஐந்து துண்டு அனுப்புகிறேன், பின்னால் எண் போட்டிருக்கிறது. வெளுப்பிலிருந்து கடுமைக்கு வரிசையாக அடுக்கி, எண்களை எனக்கு எழுது. எந்த வெளிச்சத்தில் வேண்டுமானாலும் பார், உன் இஷ்டம்.

அர்த்தநாரி


மண்ணரை
2.3.2024

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம்.

எனக்குப் பரீட்சை வைக்கிறீர்களா? நான் கேட்டது ஒன்று, நீங்கள் அனுப்புவது வேறொன்று. ஐந்து நேவித் துண்டை அனுப்பி அடுக்கு என்றால், நான் என்ன பால்வாடிக் குழந்தையா? ரித்தீஷ் ஒரு பக்கம், பையர் ஒரு பக்கம், இப்போது கூடப் பிறந்தவரும். ஐந்தையும் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். அடுக்க மாட்டேன்.

கலர் டெஸ்ட் இருபதாம் தேதியாம். நான் அன்றைக்கு லீவு போடலாம் என்றிருக்கிறேன், உங்கள் மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை.

சாரதாமணி


லூதியானா
9.3.2024

அன்புள்ள அம்மணிக்கு,

மாப்பிள்ளையிடம் நேற்றுப் பேசினேன். அவர் திடமாக இருக்கிறார். காலையில் நாலு கிலோமீட்டர் நடந்தாராம்.

நான் அனுப்பியது ஐந்தும் நேவி இல்லை. நாலுதான் நேவி. மூன்றாம் எண் கடும் பாட்டில் பச்சை. பழைய சாரதாவாக இருந்தால் உறையைப் பிரித்ததுமே, "ஏனுங்கண்ணா, டையிங் மாஸ்டருக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று என் மானத்தை வாங்கியிருப்பாள். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜனவரியில் நீ அனுப்பிய ஜோடியை வெயிலில் வைத்துப் பார்த்தேன். சட்டை நேவி, பட்டி கறுப்பு. சிவப்பு நூல். உன் நங்கைக்கு டையிங்கும் தெரியாது, செக்கிங்கும் தெரியாது. அவள் தூரத்திலிருந்தே சொல்லிவிட்டாள். குண்டு பல்பில் வைத்தபோது எனக்கே கொஞ்சம் தடுமாறியது, அதனால் பாதிப் பழி பல்புக்குப் போகட்டும். வெயிலிலும் ஒன்றாகத் தெரிந்தது என்று எழுதினாயே, அந்த மீதிப் பாதிதான் என்னை எட்டு வாரம் தூங்க விடவில்லை. உன் கண்ணில் புரை இருக்கிறது அம்மணி. எல்இடி வெள்ளை கூசுகிறது, வட்டம் வருகிறது, எழுத்து பெரிதாகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

நீ ஏன் ஆஸ்பத்திரிப் பக்கம் போக மாட்டேன் என்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் அப்பாவை அந்தக் கண் முகாமுக்கு சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனவன் நான். மங்கலாகத் தெரிந்த கண்ணோடு போனவர் சீழ் வைத்து ஒன்றும் தெரியாத கண்ணோடு திரும்பினார். நீ என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நானும் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. போனில் கேட்டால் என் குரல் உடைந்துவிடும் என்றுதான் குளித்துக்கொண்டே இருந்தேன். பயமாக இருக்கிறது அம்மணி. ஆனால் இன்று நிலைமை அப்படி இல்லை. நான் டிக்கெட் போட்டுவிட்டேன். பதினெட்டாம் தேதி வருகிறேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன், கதவுக்கு வெளியே நானே உட்கார்ந்திருக்கிறேன்.

தேவிப்பிரியா விஷயத்தை நான் வந்து சொல்ல மாட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணன்,
அர்த்தநாரி


மண்ணரை
28.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சாரதாமணி எழுதிக்கொண்டது. நீங்கள் ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் மாப்பிள்ளைதான் விடுகிறார், சொட்டு கண்ணில் பாதி, கன்னத்தில் பாதி. வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணுக்கு ஆடி கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்து சிறிதாகிவிட்டதைப் பார்த்தீர்களா? நங்கைக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் இங்கே இருந்த ஒன்பது நாளும் அந்தப் பெண் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு தடவை சொல்ல வந்தேன், காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

இப்போது எழுதுகிறேன். ஜனவரியில் மாடிக்குப் போய் வெயிலில் பார்த்தேன் என்றேனே, பார்த்தேன், நிஜம்தான். ஒன்றும் பிடிபடவில்லை. தப்பு என்னுடையதாக இருக்குமோ என்று அப்போதே தோன்றியது. யாரிடம் கேட்பது? தேவிப்பிரியாவிடம் போய், கண்ணு, இது நேவியா கறுப்பா என்று கேட்க முடியுமா? அதனால்தான் உங்களுக்கு அனுப்பினேன். ஜெயித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வந்து உடனே பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். அண்ணன் ஒன்றுதான் என்று சொல்லிவிட வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டியும் கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கட்டுப் பிரித்த மறுநாள் நீங்கள் திருப்பிக் கொண்டுவந்த அந்த ஜோடியை எடுத்துப் பார்த்தேன். ஐயோ அண்ணா! இதையா பாஸ் செய்தேன்?

கலர் டெஸ்ட் ஆஸ்பத்திரிச் சாக்கில் போய்விட்டது. அப்புறமும் மூன்று வாரம் வீட்டிலேயே படுத்துக்கொண்டு நாளைத் தள்ளினேன். போன திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். டீ விடுகிற நேரம், எல்லோரும் இருந்தார்கள். ஜோடியை ரித்தீஷ் கையில் கொடுத்து, "ஜனவரில இன்ஸ்பெக்டர் பிடிச்சானே அந்தக் கறுப்புப் பட்டி, அது நான் பாஸ் பண்ணுனதுங்க தம்பி. தேவிப்பிரியா இல்லீங்க. எனக்குக் கண்ணு தெரியல, மறைச்சுட்டேன்" என்றேன். ரித்தீஷ் துண்டைத் திருப்பிச் சிவப்புத் தையலைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். "கண்ணு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பனுங்களே அக்கா. பல்புக்குச் சண்டை போட்டீங்க, கண்ணுக்குப் போடலையே" என்றான். கத்தியிருந்தால் தேவலை.

தேவிப்பிரியாவுக்கு ஆறாம் மேஜையைக் கொடுத்துவிட்டார்கள். இடது கண்ணும் சரியாகும் வரை நான் பிசிறு. அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் மேஜைக்குப் போனதும் முதல் வேலையாக ஸ்டூல் மேல் ஏறி, முந்தானையால் பிடித்து, குண்டு பல்பைக் கழற்றினாள். நேராக என்னிடம் வந்து நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, ஒங்க பல்பு."

"நீயே வச்சுக்க கண்ணு, ஒதவும்" என்றேன். வேறு என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், அது வந்துவிட்டது.

"எனக்கு வேண்டாம்க்கா. எல்இடியும்தான் எனக்குப் பிடிக்கல. நீங்களும் சாரும் ரெண்டு மாசம் எந்த லைட்டு, எந்த லைட்டுன்னு சண்ட போட்டிய. கையெழுத்துப் போடுன்னு தாள நீட்டுனிய, போட்டேன். எனக்கு எது வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டியளா?"

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை அண்ணா.

"கேக்கல கண்ணு. தப்புத்தான். இப்பக் கேக்கறேன், என்ன வேணும்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கூரை வரை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டினாள்.

"அதுக்குப் பின்னால ஒரு சன்னல் இருக்கு. வந்த அன்னையிலருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அதத் தொறந்துவிடச் சொல்லுங்க."

வடக்குப் பார்த்த ஜன்னல். பகல் முழுக்க வெயில் நேரே விழாமல் வெளிச்சம் மட்டும் வரும். ஷேட் பார்க்க அதைவிட ஒன்று உண்டா? இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? எழுந்து முதல் பெட்டியை நகர்த்தினேன். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நடுவில்தான் நினைவுக்கு வந்தது. அவள் என் கையிலிருந்து பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். என்னுடன் இன்னும் பேசுவதில்லை. பேசுவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

பல்பைப் பஞ்சு சுற்றி அனுப்புகிறேன். கார்த்திகை பிறந்தால் நங்கைக்கு மாவுக்கு ஆகும்.

டிராயரில் பூட்டிய உங்கள் துண்டுகளை எடுத்து அடுக்கிவிட்டேன். நாலு, ஒன்று, ஐந்து, இரண்டு. மூன்று பச்சை. ஜன்னலோரம் நின்று பார்த்தேன். சரியா என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சாரதாமணி